ஆட்குறைப்பு இழப்பீடு வாங்கிவிட்டு அதே மில்லில் மறுபடி சேர்ந்தால்: வருமான வரிக் கணக்கு படிப்படியாக

காரைக்குடி வட்டாரத்து நூற்பாலைகளிலும் புதுவயல் அரிசி ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஆள் குறைப்பில் பணம் கொடுத்து அனுப்பினார்கள். ஆர்டர் வந்ததும் ஆறு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். வாங்கிய இழப்பீட்டுக்கு இப்போது வரி கட்ட வேண்டுமா?"

திரும்பச் சேர்ந்ததால் மட்டும் வரிவிலக்கு போய்விடாது. விலக்கு பறிபோவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். வந்த பணம் முழுவதையும் ஒரே தொகையாகக் காட்டுவது ஒன்று. இடையில் வேலை நின்றதையே அழித்துவிடும்படி எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது இன்னொன்று.

இங்கே சொல்வது 2025-26 நிதியாண்டில், 2025 ஜூன் 30 அன்று நடந்த ஆட்குறைப்பை வைத்து. அதற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டமும் (இது 2025 நவம்பர் வரை அமலில் இருந்தது) பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் கைக்கு வரும் பணத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வந்தது எந்தப் பணம்?

செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் வரவை மொத்தமாக எழுதி மூட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பற்று வரவு இருந்தால்தான் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) நேராகும். செட்டில்மென்ட் ஷீட்டையும் (வேலையை முடித்து அனுப்பும்போது மில் தரும் கணக்குத் தாள்) அப்படித்தான் பிரிக்க வேண்டும்.

ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 48,000. சர்வீஸ் 19 வருடம் 8 மாதம். ஷீட்டில் "ஆட்குறைப்பு மற்றும் இதர: 13,47,846" என்று ஒரே வரி. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நான்கு:

ஆட்குறைப்பு இழப்பீடு 6,50,000
நோட்டீஸ் சம்பளம் ஒரு மாதம் 48,000
கிராஜுவிட்டி (பணிக்கொடை) 5,53,846
லீவு சம்பளம் 60 நாள் 96,000

நான்குக்கும் நான்கு விதி. மில் இப்படிப் பிரித்துக் கொடுக்காவிட்டால் ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் சீலும் உள்ள ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பச் சேரும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு பழைய ஃபைலைத் தேடி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

இரண்டாம் படி: நீங்கள் சட்டப்படி தொழிலாளியா?

ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(10பி) தரும் விலக்கு, தொழில் தகராறு சட்டம் சொல்லும் தொழிலாளிக்கு மட்டும். கைவேலை, டெக்னிக்கல் வேலை, குமாஸ்தா வேலை செய்பவர்கள் இதில் வருவார்கள். சம்பளம் எவ்வளவு என்பது இவர்களுக்குத் தடையில்லை. மேனேஜர் வரமாட்டார். மேற்பார்வை வேலையில் மாதம் 10,000க்கு மேல் வாங்குபவரும் வரமாட்டார். பதவிப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "சூப்பர்வைசர்" என்று பேட்ஜ் இருந்தாலும் நாள் முழுக்க ஸ்பேனர் பிடிப்பவர் தொழிலாளிதான்.

தொழிலாளி இல்லை என்றால் இழப்பீடு முழுவதும் பிரிவு 17(3)இன்படி சம்பள வருமானம். அப்போது பார்க்க வேண்டியது பிரிவு 89 நிவாரணம் (ஒரே வருடத்தில் பெரிய தொகை வந்ததால் கூடும் வரியைக் குறைக்கும் சலுகை). குறைந்தது மூன்று வருட சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும், மிச்சப் பணிக்காலமும் மூன்று வருடத்துக்குக் குறையக் கூடாது. படிவம் 10இ-யை ஆன்லைனில் போட்ட பிறகே ரிட்டர்ன் போட வேண்டும். வரிசை மாறினால் நிவாரணத்தை மறுத்து நோட்டீஸ் வரும்.

மூன்றாம் படி: விலக்கு எவ்வளவு?

மூன்று தொகைகளில் எது குறைவோ அது: கையில் வாங்கியது, தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு 25எஃப் கணக்குப்படி வருவது, 5,00,000 ரூபாய்.

25எஃப் கணக்கு: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் ஒரு வருடமாகச் சேரும். சராசரி என்பது கடைசி மூன்று முழு மாதச் சம்பளத்தின் சராசரி. மாதச் சம்பளக்காரருக்கு 15 நாள் என்றால் பாதி மாதம். கிராஜுவிட்டிக்கு 26ஆல் வகுப்பதை இங்கே கொண்டுவந்து போடாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது.

நம் ஃபிட்டருக்கு 19 வருடம் 8 மாதம், 20 ஆகிறது. 24,000 × 20 = 4,80,000. மூன்றில் இதுதான் குறைவு, ஆகவே விலக்கு 4,80,000. மீதி 1,70,000 வரிக்குரியது. நோட்டீஸ் சம்பளம் 48,000 முழுவதும் வரிக்குரியது. கிராஜுவிட்டி (48,000 × 15 ÷ 26 × 20) 20 லட்சம் வரம்புக்குள் இருப்பதால் விலக்கு. லீவு சம்பளமும் விலக்குதான். இந்த விலக்குகள் புதிய வரி முறையிலும் உண்டு.

நான்காம் படி: திரும்பச் சேரும் ஆர்டரைப் படியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஆள் குறைத்த மில் மறுபடி ஆள் எடுக்கும்போது, குறைக்கப்பட்டவர்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது தொழில் தகராறு சட்டத்தின் 25ஹெச் பிரிவு. அதாவது திரும்பி வருவதைச் சட்டமே எதிர்பார்க்கிறது. 10(10பி)யிலும் "மறுபடி சேரக் கூடாது" என்ற நிபந்தனை கிடையாது.

ஆனால் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது? புதிய சேர்க்கைத் தேதியும் புதிய நியமனமும் இருந்தால் சிக்கல் இல்லை. "பணித் தொடர்ச்சியுடன் மீண்டும் பணியில் அமர்த்தப்படுகிறார், இழப்பீடு சம்பளத்தில் சரிக்கட்டப்படும்" என்று இருந்தால், ஆட்குறைப்பே நடக்கவில்லை என்று ஆகிறது. ஆட்குறைப்பு இல்லாத இடத்தில் ஆட்குறைப்பு விலக்கு நிற்காது. அந்தப் பணம் சம்பளமாகவோ முன்பணமாகவோ பார்க்கப்படும். பணித் தொடர்ச்சி, வரியில்லா இழப்பீடு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்பது ஆபத்து. புது நியமனத்தில் கிராஜுவிட்டிக்கான சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும் என்பதையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விருப்ப ஓய்வில் போனவர்களுக்கு நிலைமை வேறு. பிரிவு 10(10சி)க்கான விதி 2பிஏ, அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் சேருவதைத் தடுக்கிறது. காலியான இடத்தை நிரப்பவும் கூடாது என்கிறது. அவர்கள் திரும்பச் சேருமுன் ஆடிட்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: ஃபார்ம் 16ஐ (மில் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) சரிபாருங்கள்

ஃபிட்டர் டிசம்பர் 1 அன்று 45,000 சம்பளத்தில் சேர்ந்தார் என்று வையுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை 1,44,000. டிசம்பர் முதல் மார்ச் வரை 1,80,000. அதோடு வரிக்குரிய 2,18,000. மொத்தம் 5,42,000. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 4,67,000. 12 லட்சம் வரை உள்ள 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம்.

மில் அந்த ஒரே வரியை அப்படியே சம்பளமாக ஏற்றினால் 16,71,846. கழிவு போக 15,96,846. வரியும் செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1,24,300 ரூபாய். ஷீட்டைப் பிரிக்காததற்கு இவ்வளவு விலை.

புது எம்ப்ளாயி நம்பர் போட்டதால், சம்பள சாஃப்ட்வேர் உங்களை இரண்டு ஆளாக நினைத்து இரண்டு ஃபார்ம் 16 கொடுக்கலாம், இரண்டிலும் 75,000 கழித்திருக்கும். ரிட்டர்னில் ஒரு முறைதான் கழிக்க முடியும். இடைப்பட்ட மாதங்களில் வேறு இடத்தில் வேலை பார்த்திருந்தால் அந்தச் சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் மில்லுக்குக் கொடுங்கள்.

ஆறாம் படி: ரிட்டர்ன்

இழப்பீடு முழுவதையும், 6,50,000ஐ, 17(3) கட்டத்தில் போட்டு, விலக்குப் பட்டியலில் 10(10பி) முதல் வரம்பு விதியை (first proviso) தேர்ந்தெடுத்து 4,80,000 கழியுங்கள். அடுத்துள்ள இரண்டாம் வரம்பு விதி மத்திய அரசு ஒப்புதல் பெற்ற திட்டங்களுக்கு உரியது, அதைத் தொடாதீர்கள். கூடுதலாகப் பிடித்த டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடித்த வரி), வரித்துறையின் வரிப் பிடித்தப் பதிவான 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீஃபண்ட் கேளுங்கள். ஃபார்ம் 16இல் விலக்கு இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் கோரலாம். ஆனால் தொகை ஒத்துப்போகாததால் கேள்வி வரக்கூடும். செட்டில்மென்ட் ஷீட், ஆட்குறைப்பு நோட்டீஸ், புது நியமன ஆர்டர் மூன்றையும் ஒரே கவரில் வைத்திருங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். சேரும்போது பழைய யூஏஎன் எண்ணையே (மில் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். பழைய கணக்கில் மில் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பணம் புதுக் கணக்குக்கு மாறாது.