மிட்டாயைப் பூ மாதிரி கட்டுங்கள்: வாசலுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வளையம்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி முழுக்க வாசலில் டொக், டொக் என்று சத்தம். வளையத்தில் நான் குளூ கன் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) வைத்து ஒட்டிய மிட்டாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. நாகப்பட்டினம் பக்கம் டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, மழை விட்டாலும் சுவர் வேர்க்கும், சர்க்கரை டப்பா கசியும். அந்த ஈரத்தில் பசை நிற்கவில்லை. நின்ற சிலதிலும் சூட்டில் தாள் சுருங்கி, உள்ளே மிட்டாய் இளகி, காலையில் எறும்பு வரிசை. அதனால் குளூ கன்னை எடுத்து உள்ளே வையுங்கள். இதற்கு வேண்டியது பூ கட்டத் தெரிந்த கை.

தேவை: 10 கேஜ் ஜிஐ கம்பி மூன்றரை அடி, ஒரு கை வைக்கோல், சணல், அரை மீட்டர் பச்சை லைனிங் துணி, பூ கட்டும் பருத்தி நூல், சிவப்பு ரிப்பன், மிட்டாய். மிட்டாய் வாங்கும்போது மட்டும் கவனம். இரண்டு பக்கமும் தாளை முறுக்கி வால் விட்டிருக்கும் ரகம்தான் வேண்டும். ஒரு ரூபாய் மிட்டாயில் பாதி இப்போது தலையணை மாதிரி ஓரம் ஒட்டின பாக்கெட்டில் வருகிறது, அதைக் கட்ட முடியாது. கமர்கட், தேன் மிட்டாய் எல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் வாசலில் தொங்கவிட்டால் எறும்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. வளையத்துக்கு 100 மிட்டாய் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 130 வாங்குங்கள், ஏன் என்று கட்டும்போது புரியும்.

கம்பியை ஒரு அடி அகலமுள்ள தாம்பாளத்தைச் சுற்றி வளைத்து, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் சணலால் இறுக்குங்கள். அதன்மேல் வைக்கோலைப் பிரி மாதிரி முறுக்கிச் சுற்றி, சணலால் வரிந்து கட்டுங்கள். கைப்பிடி கனம் வர வேண்டும். மிஷின் அறுப்பு வைக்கோல் துண்டு துண்டாக இருக்கும், முறுக்கவே வராது. கை அறுப்பு வைக்கோல் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். சம்பா இன்னும் வயலில்தான் நிற்கும் என்பதால் குறுவை வைக்கோல்தான் கிடைக்கும், அது மழையில் நனைந்திருந்தால் அடுப்படியில் இரண்டு நாள் போட்டுக் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை வரும். கடைசியாகப் பச்சைத் துணியை நீளமாகக் கிழித்து மேலே சுற்றிவிடுங்கள். இதுவரை எல்லாம் எளிது.

இனி சரம். என் காலை வாரிவிட்டது இதுதான். மல்லிகை கட்டுகிற பழக்கத்தில் வாழை நாரை நனைத்து அழகாகக் கட்டி முடித்தேன். மறுநாள் நார் காய்ந்தது, முடிச்சு நெகிழ்ந்தது, மிட்டாய் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கியது. பூக்காம்பு நார் இறுக்கும்போது கொஞ்சம் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், மிட்டாய்த் தாள் வழவழவென்று இருப்பதால் பிடிக்காது. எனவே நார் வேண்டாம், பருத்தி நூல். அதோடு இதையும் செய்ய வேண்டும்: மிட்டாயின் ஒரு வாலைப் பாதியாக மடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மிட்டாயை எதிரெதிராக வைத்து, மடித்த வால்கள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி இடது கையால் பிடியுங்கள். நூலை அந்த வால்கள்மேல் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி, பிறகு விரலில் கண்ணி போட்டு மாட்டி இழுங்கள். மடிப்பு முடிச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் வால் உருவிக்கொண்டு வராது. இந்த மடிப்பைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது, அதுவும் அத்தை பார்த்துவிட்டு, "வழுக்குற காம்புன்னா மடிச்சுக் கட்டேன்டி" என்று சொன்ன பிறகு.

இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடி என்று ஒரு மீட்டர் சரம் கட்டினால் வளையத்தை ஒரு சுற்று வரும். முன்பக்கம் நடுவில் வைத்து, சாண் இடைவெளியில் நூலால் வளையத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். உள்பக்கம் நெரிசலாகவும் வெளிப்பக்கம் இடைவெளியாகவும் தெரியும். அந்த இடைவெளிகளில் மிச்ச மிட்டாயைத் தனித்தனியாகக் கட்டினால் நிரம்பிவிடும். மேலே சிவப்பு ரிப்பனில் ஒரு முடிச்சு, ஒரு மணி. அலங்காரம் அவ்வளவு போதும்.

வெள்ளை நிறத்தைத் தவிருங்கள். வெள்ளைக் காகிதப் பூ வைத்து ஒரு தடவை தொங்கவிட்டேன், எதிர்வீட்டு அம்மா பதறி ஓடிவந்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நம் ஊரில் வளையம் என்றால் மலர்வளையம்தானே, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் யாரும் துக்கம் விசாரிக்க வர மாட்டார்கள்.

இந்த வளையப் பழக்கத்தைத் தரங்கம்பாடியில் ஜெர்மன் போதகர் சீகன்பால்கு காலத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்று எங்கள் சித்தப்பா அடித்துச் சொல்வார். சீகன்பால்கு வந்தது 1706-ல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற திருவருகைக் கால வளையத்தை ஜெர்மனியின் ஹம்பர்க்கில் விக்கர்ன் என்ற போதகர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் அமைத்ததே 1839-ல்தான். வண்டிச் சக்கரம் என்றதும் எனக்குச் சைக்கிள் ரிம் ஞாபகம் வந்தது, முயன்றும் பார்த்தேன். கனம் தாங்காமல் ஆணி பிடுங்கிக்கொண்டது.

பின்சேர்க்கை: வைக்கோலுக்கு எங்கே போவது என்று சென்னையிலிருந்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விடும் பழைய குழாயை மூன்றரை அடி வெட்டி, கம்பியை அதற்குள் செருகி வளைத்து, பழைய பருத்திப் புடவையைக் கனமாகச் சுற்றுங்கள். எறும்பு பற்றி இன்னொருவர் கேட்டார். தாள் கிழியாத மிட்டாயில் அவ்வளவாக வராது. வந்தால், தொங்கவிடும் கயிற்றில் விரல் நீளத்துக்குக் கிரீஸ் தடவுங்கள், வளையம் மட்டும் சுவரில் படாமல் தொங்க வேண்டும்.

வளையத்தோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் ரிப்பனில் கட்டித் தொங்கவிடுங்கள். வருகிற பிள்ளைகள் வெளிப்பக்கத்து வாலை வெட்டி, மிட்டாயை உருவிக்கொண்டு போவார்கள், சரம் கலையாது. எங்கள் வீட்டில் பொங்கலுக்குள் வெறும் தாளும் வைக்கோலும்தான் மிஞ்சியது. கம்பி, சணல், தாள், துணி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உருவிவிட்டு, வைக்கோலை மட்டும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.