ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்குப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

முப்பது வருடத்துக்கு மேல் அரக்கு சீல் உடைத்து, பார்சல் பிரித்தே பழகிய ஆள் நான். ஓய்வு பெற்றதும் சென்னையில் ஒரு கல்லூரியில் தடய அறிவியல் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தினமும் செய்த வேலைதானே, சொல்லிக்கொடுக்க என்ன கஷ்டம் என்று போய் நின்றேன். முதல் செய்முறை வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

கறை ரத்தமாக இருக்கக்கூடுமா என்று பார்க்கும் பினாப்தலீன் சோதனை. கறையை வடிதாளில் ஒற்றி, பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. இளஞ்சிவப்பு வந்தது, பிள்ளைகளும் குறித்துக்கொண்டார்கள். அவர்களைச் செய்யச் சொன்னால், நான் வைத்திருந்த மயில்துத்த (செம்பு சல்பேட்) கறைக்கும் 'ரத்தம்' என்று எழுதிவிட்டார்கள். "சார், நீங்க ரெண்டு சொட்டுக்கும் நடுவுல கொஞ்சம் நின்னீங்களே, எதுக்கு?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பெராக்சைடு விடும் முன்பே நிறம் மாறினால் அது ரத்தத்தின் வேலை இல்லை, செம்பு உப்பு போன்ற வேறு ஏதோ ஒன்று. அதற்காகத்தான் நிற்பது. கை நின்றது, வாய் சொல்லவில்லை.

அனுபவசாலிகள் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். பழகிப்போன படி நம் கண்ணுக்கே தெரியாது. வகுப்புக்கு முதல் நாள், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். என் வீட்டில் அந்த வேலை என் மனைவிக்கு. நறுக்கிய உருளைக்கிழங்கை ஒற்றினாலும், பெராக்சைடு விட்ட பிறகு இளஞ்சிவப்பு வரலாம் என்று காட்டியபோது, "அப்போ இந்த டெஸ்ட் எதுக்கு?" என்றாள். மறுநாள் வகுப்பை அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன். 'ரத்தமாக இருக்கலாம்' என்று மட்டும் சொல்லும் முதற்கட்டச் சோதனைக்கும், 'ரத்தம்தான்' என்று உறுதிப்படுத்தும் சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிட நன்றாக விளக்க எனக்கு வராது.

அடுத்த தவறு, எதையும் கெட்டுப்போக விடாமல் பாடம் நடத்துவது. ரத்தம் பட்ட ஈரத்துணியை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட வேண்டும் என்று பத்து தடவை சொன்னாலும் தேர்வோடு மறந்துவிடும். இப்போது நான் சொல்வதில்லை. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ரத்தம் தோய்ந்த துணி ஒன்றை பிளாஸ்டிக் கவரிலும், இன்னொன்றை உலர்த்திக் காகித உறையிலும் போட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். மிச்சத்தைச் சென்னைப் புழுக்கம் பார்த்துக்கொள்ளும். அடுத்த வாரம் கவரைத் திறந்ததும் அடிக்கிற நாற்றத்தையும் பூஞ்சையையும் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

வழக்குக் கதைகளில் அளவு தேவை. பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள், நமக்கும் பெருமையாக இருக்கும், மணி அடித்துவிடும். ஜெயித்த வழக்குகளை மட்டும் சொல்வது அதைவிட மோசம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. இந்த மாதிரிக் கதைகளுக்கு ஒரு பீரியட் முழுக்கச் செலவழிக்கலாம். ஆனால் சொந்த வழக்கு எதைச் சொன்னாலும் பெயர், ஊர், முகம் தெரியும் படம் வேண்டாம். போக்சோ வழக்கு என்றால் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. வகுப்பில் அதே தெருப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

சட்டப்பிரிவு எண்களையும் புதிதாகப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல், நிபுணர் கருத்து பற்றிய பழைய சாட்சியச் சட்டம் 45-வது பிரிவின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் 39, அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கை பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 293-க்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 329. எனக்கு இன்னும் பழைய எண்தான் நாக்கில் வருகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சரி.

மதிப்பெண் விஷயத்தில் நான் செய்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வில் கையெழுத்து ஒப்பீடு கொடுத்திருந்தேன். ஒப்பிடுவதற்கு இரண்டே இரண்டு கையெழுத்துகள், அதுவும் மங்கிய நகல். ஒரு பையன் இரண்டு வரி எழுதி, 'ஒப்பீட்டு மாதிரிகள் போதாது, கருத்துக் கூற இயலாது' என்று முடித்திருந்தான். சோம்பேறித்தனம் என்று பூஜ்யம் போட்டேன். பக்கம் பக்கமாக எழுதி 'ஒரே நபர்தான்' என்றவர்களுக்கு ஏழு, எட்டு. ராத்திரி படுத்தபோதுதான் யோசித்தேன்: இதே வாசகத்தை நான் எத்தனை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? எத்தனை குறுக்கு விசாரணையில் அதற்காகக் கூண்டில் நின்று வாங்கிக் கட்டியிருக்கிறேன்? காலையில் போய் எல்லா விடைத்தாளையும் திரும்ப வாங்கினேன். அந்தப் பையனுக்குப் பத்துக்கு ஒன்பது. மாதிரி ஏன் போதாது என்று அவன் விளக்காததால்தான் ஒன்று குறைந்தது.