இருநிற ஜடைப் பின்னல்: நிறம் மாற்றும்போது எங்கே பிசகுகிறது

கொக்கியால் பின்னும் குரோஷேயில், கண்ணிகள் (ஸ்டிச்) ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகும் ஜடையை (கேபிள்) ஒரே நிறத்தில் அழகாகப் போடுபவர்களுக்கும், இரண்டாவது நிறம் சேர்ந்ததும் கை தடுமாறிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் குளிர்காலத்தில் போர்வை பின்னும் அக்காமார் நிறையப் பேர். ஜூலை 18, பிறருக்கு உதவும் நாளாகக் கொண்டாடப்படும் மண்டேலா தினம் நெருங்கினால், போர்வை தானம் கொடுக்க இன்னும் மும்முரமாகிவிடுவார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நிறத்தை ஒரு கண்ணி தாமதமாக மாற்றுகிறார்கள்.

பேட்டர்ன்களில் பிரிட்டிஷ் பெயரும் அமெரிக்கப் பெயரும் கலந்து வருவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே எல்லாம் பிரிட்டிஷ் பெயர். நம் ட்ரெபிள் கண்ணிதான் அமெரிக்கர்களின் டபுள் குரோஷே; நம் டபுள் குரோஷே அவர்களின் சிங்கிள் குரோஷே.

ஒரு கண்ணியை முழுதாக முடித்துவிட்டுப் புது நூலை எடுத்தால், அடுத்த கண்ணியின் தலையில் பழைய நிறம் உட்கார்ந்துவிடும். கொக்கியில் மீதி நிற்கும் வளையம் அடுத்த கண்ணிக்குச் சொந்தமானது. ஆகவே பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியில், கடைசி இழுப்பைப் புது நூலால் இழுக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். ஜடை குறுக்கே போகும் வரிசையில்தான் மறந்துபோகிறது.

மஞ்சள், சிவப்பு என்று இரண்டிரண்டு கண்ணிகள், சுற்றிலும் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்கு முதலில் எதிர்ப்படுவது மஞ்சள். ஆனால் குறுக்கே போடும்போது மஞ்சளைத் தாண்டிப்போய்ச் சிவப்பைத்தான் முதலில் பின்னுகிறோம். அதனால் வெள்ளையின் கடைசி இழுப்பு சிவப்பில் வரவேண்டும். இரண்டாவது சிவப்புக் கண்ணியின் கடைசி இழுப்பு மஞ்சளில். இரண்டாவது மஞ்சளின் கடைசி இழுப்பு மறுபடி வெள்ளையில். கண்ணுக்கு முன் நிற்கும் நிறத்தை எடுப்பதுதான் பெரிய தவறு.

அந்த வரிசையில் சிவப்பு நூல் பின்பக்கமாக இரண்டு கண்ணி வலப்புறம் வரவேண்டும், மஞ்சள் இரண்டு கண்ணி இடப்புறம் போகவேண்டும். அதை இறுக்கி இழுத்தால் ஜடை சுருங்கி, போர்வையே அங்கே குவிந்து நிற்கும். நூலைத் தளர்த்தி விடுங்கள். அப்படியும் இறுக்கம் போகவில்லை என்றால், குறுக்கே போகும் கண்ணிகளை மட்டும் ட்ரெபிளுக்குப் பதில் அதைவிட உயரமான டபுள் ட்ரெபிளாகப் போடுங்கள். கண்ணியின் தண்டு நீளமானால் குவிவது நின்றுவிடும்.

நூல் மிச்சமாகட்டும் என்று ஒரு நிறத்தைக் கண்ணிகளுக்குள்ளேயே சுமந்துகொண்டு போவதும் ஜடைக்கு ஒத்துவராது. சாதாரண டபுள் குரோஷேயில் அது மறைந்துவிடும். ஜடையில் கொக்கி கீழ்வரிசைக் கண்ணியின் தலைக்குள் போகாமல் அதன் தண்டைச் சுற்றிப் போவதால், மேலே கிடக்கும் நூலை எதுவும் மூடாது. இடுக்கு வழியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு ஜடைக்கும் தனிச் சிறு உருண்டை வைத்துக்கொள்வதே நல்லது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரே பக்கமாகத் திருப்பாமல், ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று திருப்பினால் உருண்டைகள் அவ்வளவாகச் சிக்காது.

பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும் வரிசையில் நிறம் மாற்றும்போது பழைய நூலை உங்களை நோக்கி முன்னால் எடுத்துவிட்டுத்தான் புது நூலை இழுக்க வேண்டும். மறந்தால் அது நல்ல பக்கத்தில் குறுக்கே கிடக்கும்.

போர்வை அடிக்கடி துவைபடும் பொருள் என்பதால் நுனிகளில் முடிச்சுப் போட்டுவிட்டு நம்பி இருக்காதீர்கள். சுமார் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஊசியால் அதே நிறத்தின் பின்னால் திசை மாற்றி மாற்றிச் செருகுங்கள்.

அங்கோரா ஆட்டின் ரோமத்தில் வரும் மொஹேர் நூல் தென்னாப்பிரிக்காவின் பெருமைதான், உலகத்துக்கே இங்கிருந்து போகிறது. ஆனாலும் இருநிற ஜடைக்கு அது வேண்டாம். அதன் பஞ்சு குறுக்குக்கோட்டை மறைக்கும், தவறினால் பிரிப்பதும் கஷ்டம். மழமழப்பான, நடுத்தரப் பருமனுள்ள டபுள் நிட் நூலே போதும். வெள்ளையோடு சிவப்பு சேர்ந்தால், ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே போர்வையைத் தொடங்குங்கள்.