ஏமாற்றமளித்த மாயக்கதை நாவலைத் திரைப்படத்தோடு ஒப்பிடுவது எப்படி?

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் நாவலைப் படித்து முடித்ததும், படம் பார்க்கும் முன்பே, சலிப்பூட்டிய பக்கங்களையும் சலிப்பின் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் திரைக்காட்சிகள் நாவலின் நினைவை மாற்றிவிடும். பிறகு ஒரே நிகழ்வை இரண்டிலும் பின்தொடருங்கள். கிறிஸ்டோபர் பாவோலினியின் 'எரகான்' நாவலில் ஒரு சிறுவன் வளர்க்கும் டிராகன் குஞ்சு மெல்ல மெல்ல வளர்கிறது. 2006-இல் வெளிவந்த படத்திலோ ஒரே பறத்தலில் முழு உருவம் பெற்றுவிடுகிறது. நாவலின் நடை எனக்குத் தளர்வாகவே பட்டது; ஆயினும் சிறுவனுக்கும் டிராகனுக்கும் இடையே பாசம் வேரூன்றத் தேவையான காலத்தை அது தந்தது, படம் அந்தக் காலத்தையே வெட்டிவிட்டது. நீக்கப்பட்டது இழப்பா, சுமைக் குறைப்பா என்பதை ஒவ்வோர் இடத்திலும் தனியே கேளுங்கள். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்களோடு விவாதிக்கும்போது, படம் மட்டும் பார்த்தவரை முதலில் பேசவிட்டு, கதை அவருக்குப் புரியாமல் போன இடங்களை நாவலில் தேடிப் பாருங்கள்.