எரிமலை மேல் ஹெலிகாப்டர் பயணம்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளுக்குப் போகிறவர்களில் பலருக்கு, அங்கே 'பெரிய தீவு' என்று அழைக்கப்படும் தீவில் ஹெலிகாப்டர் ஏறி கிலாவேயா எரிமலையை மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கும். நியாயமான ஆசைதான். ஆனால் மலிவான காரியம் இல்லை. ஒருவருக்கு 300 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தியப் பணத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுவிடும். அவ்வளவு கொடுத்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லை" என்று இறங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குறை ஹெலிகாப்டரில் இருக்காது. புக்கிங் செய்யும்போதே தவறு நடந்திருக்கும்.

முதல் தவறு, விளம்பரப் படத்தை நம்பி நாள் குறிப்பது. லாவா எனும் செந்நிற எரிமலைக் குழம்பு ஆறாக ஓடிக் கடலில் விழும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புஉ ஓஓ என்ற கூம்பிலிருந்து 1983 முதல் 2018 வரை குழம்பு வந்துகொண்டே இருந்த காலத்தில் அந்தக் காட்சி அடிக்கடி கிடைத்தது. 2018இல் மலையின் கிழக்குச் சரிவு பிளந்து, சுமார் 700 வீடுகளை விழுங்கிய வெடிப்போடு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. 2024 டிசம்பரில் உச்சியிலுள்ள ஹலேமாஉமாஉ பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பின் போக்கு வேறு மாதிரி. குழம்பு ஊற்றாகப் பீறிடும், சில சமயம் 300 மீட்டருக்கு மேல்கூட எழும். அப்புறம் திடீரென்று நின்றுவிடும். ஒவ்வொரு பீறிடலும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்தது வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். ஆக, இரண்டு மாதம் முன்பே புக் செய்துவிட்டு அந்த நாளில் லாவா கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

மலை இன்று என்ன செய்கிறது என்பதை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹவாய் எரிமலை ஆய்வகம் கிலாவேயா பற்றி அறிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி வைத்த கேமராக்களின் படங்களும் இணையத்தில் இலவசம். இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். பீறிடும் நேரத்திலும் இஷ்டம்போல் அருகே பறந்துவிட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். கந்தக வாயுவும், பீறிட்ட குழம்பு உறைந்து காற்றில் மிதந்து வரும் கண்ணாடி இழைகளும் இருப்பதால் உச்சியைச் சுற்றி வான்வெளிக் கட்டுப்பாடு விதிப்பதுண்டு.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் வாகாரி தீவில் எரிமலைப் பள்ளத்துக்கே படகிலும் ஹெலிகாப்டரிலும் சுற்றுலா அழைத்துப் போனார்கள். 2019 நவம்பரில் அதன் எச்சரிக்கை நிலை ஒரு படி உயர்த்தப்பட்டது. சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். தரையிறங்கும் பயணம் எங்கே வாங்கினாலும், அந்த மலையின் எச்சரிக்கை நிலையை நீங்களே பார்த்துவிட்டு ஏறுங்கள்.

லாவா மட்டுமே குறி என்றால் ஹெலிகாப்டரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். வெடிப்பு நடக்கும் நாளில் அந்தி சாயும்போது பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றால், நுழைவுக் கட்டணத்தோடு அந்தச் செம்மை முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பறப்பதோ பகலில். பகல் வெளிச்சத்தில், மேலே ஆடை கட்டிய குழம்பு சாம்பல் நிறத் தகடாகத்தான் தெரியும்.

அப்படியானால் ஹெலிகாப்டர் எதற்கு? நிலத்தைப் படிப்பதற்கு. அதில்தான் அதற்கு இணை கிடையாது. 2018இல் வந்த குழம்பு 35 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடப்பதையும், கருங்கடலாக உறைந்த அந்தப் பரப்பின் நடுவே எரியாமல் தப்பிய பச்சைத் திட்டுகளையும், பாதியில் அறுந்து நிற்கும் சாலையையும், கடலோரத்தில் புதிதாக முளைத்த கரையையும் ஒரே பார்வையில் காண மேலே போய்த்தான் ஆக வேண்டும். இதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து ஏறுகிறவர் ஏமாறுவதில்லை.

அடுத்தது, எந்த ஊரிலிருந்து ஏறுவது என்பதைக் கவனிக்காமல் விடுவது. தங்கும் விடுதி மேற்குக் கரையிலுள்ள கோனா பக்கம் என்பதால் அங்கிருந்தே ஏறுகிறார்கள் பலர். கிலாவேயா தீவின் மறுபக்கம் இருக்கிறது. மேற்குக் கரையிலிருந்து கிளம்பினால் இரண்டு மணி நேரப் பயணத்தில் கணிசமான பகுதி போக வரவே சரியாகிவிடும். வடக்கே கொஹாலா பள்ளத்தாக்குகளும் அருவிகளும் சேர்ந்த சுற்று வேண்டுமென்றால் அது நல்ல தேர்வு. எரிமலை மட்டும் போதும் என்றால் கிழக்குக் கரையிலுள்ள ஹீலோவிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரப் பயணமே போதும், செலவும் குறையும். பாதை பூங்காவுக்குள் போகிறதா, வெளியே மட்டும்தானா என்றும் கேளுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 11,000க்கு மேல் நடந்துவந்த பூங்கா வான்சுற்றுகளை 1,548 ஆகக் குறைக்கும் திட்டம் 2024 ஜனவரியில் வந்தது. "எரிமலைச் சுற்று" என்ற பெயரை மட்டும் வைத்து உச்சிப் பள்ளம் தெரியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய தவறுக்கு வருகிறேன். பயணத்தைக் கடைசி நாளில் வைப்பது. ஹீலோ மழைக்குப் பேர்போன ஊர். வடகிழக்கிலிருந்து வரும் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து மலையில் மோதவிடும். காலையில் ஓரளவு தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். கடைசி நாள் மதியம் என்று புக் செய்தவருக்கு, ரத்தானால் வேறு நாள் கிடையாது. "எப்படியாவது போயிடலாமா?" என்று கவுண்ட்டரில் கெஞ்சத் தொடங்குவார். அந்தக் கெஞ்சல் விமானியின் தலையில் போய் உட்காரக் கூடாத பாரம்.

2019 டிசம்பர் 26 அன்று, அதே ஹவாயின் கவாயி தீவில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மலையில் மோதி ஏழு பேரும் இறந்தார்கள். அன்று வேறு சுற்றுலா விமானிகள் தாழ்ந்த மேகத்தைக் கண்டு வழியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பார்வை மறைத்த வானிலைக்குள் தொடர்ந்து பறந்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. எனவே தீவில் இறங்கிய முதல் ஓரிரு நாளிலேயே, காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தானால் பணம் முழுதும் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வானிலை காரணமாகத் தயங்காமல் ரத்து செய்யும் நிறுவனம்தான் நல்ல நிறுவனம். "எப்போதும் பறப்போம்" என்று பெருமைப்படும் இடத்தில் நான் என் வீட்டுக் குழந்தையை ஏற்ற மாட்டேன்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அமெரிக்க விமான விதிகளில் எந்தப் பகுதியின் கீழ் பறக்கிறார்கள் என்பது. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் குறுகிய சுற்றுகளை, பொது விதிகளான பகுதி 91இன் கீழேயே நடத்த வழி இருக்கிறது. பகுதி 135இன் கீழ் இயங்குகிறவர்களுக்கு விமானிப் பரிசோதனை, பணி நேரம், பராமரிப்பு எல்லாமே கறாரானவை. 135 என்று பதில் வந்தால் நல்லது. பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

கதவில்லாத ஹெலிகாப்டர் படத்துக்கு அருமை. ஆனால் 2018 மார்ச்சில் நியூயார்க் ஆற்றில் அப்படியொரு பயணத்தில் ஐந்து பயணிகளும் மூழ்கி இறந்ததை மறக்கக் கூடாது. முன்சீட்டுக்காரரைக் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டை எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் மாட்டி இன்ஜின் நின்றது. ஆற்றில் கவிழ்ந்த ஹெலிகாப்டரில் அந்தப் பட்டைகளை அவர்களால் கழற்ற முடியவில்லை. உங்களுக்கு மாட்டும் பட்டையை, கத்தி எதுவும் இல்லாமல், நீங்களே ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்று தரையிலேயே செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் ஏற வேண்டாம்.

சீட் விஷயத்தில் பேரம் வேலைக்காகாது. கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் எடை போட்டு, சமநிலைக்கு ஏற்ப உட்காரவைப்பார்கள். கூடுதல் எடைக்குக் கட்டணம் உண்டா என்பதை முன்பே கேளுங்கள். பின்வரிசையில் நான்கு பேர் அமரும் வகையில் நடுவில் மாட்டுகிறவருக்குப் பக்கத்து ஆள் தோளும் பாதி ஜன்னலும்தான். எல்லோருக்கும் ஜன்னல் கிடைக்கும் சிறிய வகை இருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். உடை கறுப்பு அல்லது கருநீலமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்து, எடுத்த படத்திலெல்லாம் எரிமலை மேல் உங்கள் காலர் விழுந்திருக்கும்.

கோனாவில் இரவில் திருக்கை மீன் பார்க்க ஸ்கூபா முழுகுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: முழுகிய மறுநாள் காலையே ஹெலிகாப்டர் ஏறக் கூடாது. உடலில் தங்கிய நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகிவிடலாம். பலமுறை முழுகியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பது வழக்கமான பரிந்துரை. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. அட்டவணையில் ஹெலிகாப்டரை முதலிலும் ஸ்கூபாவைப் பின்னாலும் போட்டுவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.