விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால், இரண்டு மூன்று நாள் வாசலிலேயே நின்ற கார் காலையில் செல்ஃப் எடுக்காமல் மக்கர் செய்வது எங்கள் தெருவில் வழக்கமான காட்சி. "விளக்கெல்லாம் எரிகிறதே, அப்படியானால் பேட்டரியில் குறையில்லை" என்றுதான் பெரும்பாலானோர் முதலில் நினைக்கிறார்கள். அது தவறு. 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம்தான் எடுக்கும். எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாரோ சிறிய பெட்ரோல் காரில்கூட 100 ஆம்பியரை எளிதாகத் தாண்டும், டீசல் வண்டியில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஆகவே விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, வண்டிக்கு முன்னால் ஒருவரை ஓரமாக நிற்கச் சொல்லி, கிளட்சை முழுவதும் மிதித்தபடி சாவியை மூன்று விநாடி மட்டும் திருப்புங்கள். நீங்கள் சத்தத்தைக் கேளுங்கள், அவர் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். கருவி எதுவும் இல்லாமலேயே பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

'டக் டக் டக்' என்று விடாமல் அடித்து, விளக்கும் மங்கி மங்கி எரிந்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை) சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, விளக்கு மங்காமல் நின்றால், செல்ஃப் மோட்டார் பழுதாகியிருக்கலாம், அல்லது எஞ்சினின் எர்த் வயர் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவரும் வழி) கெட்டிருக்கலாம். சத்தமே இல்லாமல் விளக்கும் அசையாமல் எரிந்தால், சாவியின் கட்டளை மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), கிளட்ச் மிதியடியின் சுவிட்ச், சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரை நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் குறை பெட்ரோல், ஸ்பார்க் அல்லது சாவியின் இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) பக்கம் இருக்கும். அது வேறு கதை.

அடுத்து பானெட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள்; கொஞ்சமும் அசையக் கூடாது. எங்கள் பக்கத்து ஈரத்தில் அவை வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போவது மிகச் சாதாரணம். 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் பக்கத்தை முதலில் கழற்றி, பிறகு பிளஸ் பக்கத்தைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஒரு பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டுப் பெரிய தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

எர்த் வயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எங்கள் வீட்டுக் காரில் ஒரே 'டக்', ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. கடையில் சொன்னதை நம்பிப் புதுப் பேட்டரி போட்டோம். மறுநாளும் அதே 'டக்'. கீழே குனிந்து பார்த்தபோது, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையின் போல்ட் துருவேறி, செப்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்து, நாலைந்து இழைகள் மட்டுமே மிச்சம் இருந்தன. ஹெட்லைட்டின் எர்த் பாடி வழியாகப் போவதால் அதற்குக் குறையில்லை. செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் திரும்பிவர அந்த நாலைந்து இழை போதவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு ஜம்பர் கேபிளை (இரு முனையிலும் கிளிப் உள்ள தடித்த கேபிள்) பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டிச் சாவியைத் திருப்புவது. உடனே செல்ஃப் எடுத்தால் குற்றவாளி எர்த் வயர்தான்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் தெளிவு. இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. உதவிக்கு ஒருவர் செல்ஃப் போடும்போது அது 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மீண்டும் சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் போடுவதானால், சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும், கடைசி முனையைப் பேட்டரியிலிருந்து தள்ளி உங்கள் எஞ்சினின் இரும்பிலும் பிடிக்க வையுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைத்துவிடாமல், எஞ்சின் ஓடும்போதே பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வரும். 13-க்குக் கீழேயே நின்றால், ஓடும் எஞ்சினிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை; அந்த நிலையில் புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறாமல், நேராக ஊருக்குள் இருக்கும் எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.