கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஆனா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலையா?

ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கருப்பா இருக்குன்னா உடனே மதர்போர்டு (எல்லா பாகமும் சொருகியிருக்கிற மெயின் போர்டு) போச்சுன்னு பயப்படாதீங்க, பல நேரம் ரேம் (போர்டுல சொருகியிருக்கிற நீளமான மெமரி கார்டு) சரியா உக்காராததுதான் காரணமா இருக்கும். முதல்ல மானிட்டர் கேபிளைப் பாருங்க, தனியா கிராபிக்ஸ் கார்டு (ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்புற கார்டு) போட்டிருந்தா கேபிள் அந்த கார்டுலதான் இருக்கணும், மதர்போர்டுல சொருகிட்டு தேடுறவங்க நிறைய பேர்.

அதுவும் சரின்னா பவர் கேபிளையே கழட்டிட்டு, பவர் பட்டனை ஒரு 15 செகண்ட் அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கிடும். அப்புறம் கேபினெட்டோட இரும்புப் பகுதிய ஒரு தடவ தொட்டுட்டு ரேமை கழட்டி, தங்கக் கலர் பகுதிய சுத்தமான காஞ்ச துணியால மெதுவா துடைச்சு, ரெண்டு பக்கமும் க்ளிக்னு சத்தம் வர்ற மாதிரி திரும்ப அழுத்துங்க (சில போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் லாக் இருக்கும்). ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க, எது கெட்டதுன்னு தெரிஞ்சிடும்.

ஒவ்வொரு தடவையும் தேதி, டைம் மாறிப்போகுதா? போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட், நீங்களே மாத்திடலாம்.

ரொம்ப ஸ்லோன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் (எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற விண்டோ) வரும், அதுல டிஸ்க் எப்பவும் 100 சதவீதத்துலயே நின்னா ஹார்ட் டிஸ்க்கை சந்தேகப்படுங்க. டக் டக்னு சத்தமும் வந்தா வேற எதையும் நோண்டாதீங்க, ப்ளீஸ், முதல்ல போட்டோ, ஃபைல் எல்லாத்தையும் வேற டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க.